ஆபரேஷன், தடுப்பூசி இரண்டும் ஆகிவிட்டது, குட்டி சாப்பிடவே மாட்டேன் என்கிறது. அவசரம்!

சாம்பல்வால்:
வணக்கம். என் பூனைக்குட்டிக்குக் கருத்தடை ஆபரேஷனும் தடுப்பூசியும் போட்டாயிற்று. அப்புறம் குட்டி சரியாகவே இல்லை. கட்டிலுக்கு அடியில் சுவரோரமாய்ப் போய்ப் படுத்துக்கொண்டு வெளியே வர மறுக்கிறது. சாப்பாட்டை முகர்ந்து பார்க்கிறது, நாக்கை ஒரு தரம் நீட்டுகிறது, உடனே முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. தூக்கினால் உறுமுகிறது, அப்படி உறுமுகிற குட்டியே இல்லை. இது சாதாரணம்தானா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

மூன்றுபூனைவீடு:
பதறாதீர்கள், ஆனால் இன்னும் சில விவரம் வேண்டும். வயது என்ன? ஆணா பெண்ணா? ஆபரேஷன் என்றைக்கு நடந்தது? கடைசியாக எப்போது சாப்பிட்டது? சிறுநீர் போகிறதா? மயக்க மருந்தின் அசதி முதல் நாள் இருக்கும். மறுநாள் கொஞ்சமாவது வாய் வைக்க வேண்டும். 24 மணி நேரம் தாண்டியும் ஒன்றும் சாப்பிடவில்லை என்றால் குட்டி விஷயத்தில் காத்திருக்கக் கூடாது. சின்ன உடம்பு, சர்க்கரை சீக்கிரம் இறங்கிவிடும்.

வெல்லக்கட்டி:
காயத்தை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டுகிற கூம்பு, அந்தக் கோன் போட்டிருக்கிறீர்களா? பாதிக் குட்டிகள் சாப்பிடாததற்குக் காரணமே அதுதான். கோனின் விளிம்பு தட்டில் இடிக்கும், மீசை மடங்கும், குட்டி வெறுத்துப்போய் மூலையில் உட்கார்ந்துவிடும். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் கழற்றிவிட்டு, காயத்தை நக்காமல் பக்கத்திலேயே இருந்து பாருங்கள். உணவை லேசாக வெதுவெதுப்பாக்கி வையுங்கள். மூக்குக்கு வாசனை எட்டினால்தான் பூனை சாப்பிடும்.

பழையமீசை:
வயது இல்லை, எடை இல்லை, தேதி இல்லை. இப்படிக் கேட்டால் யார் என்ன சொல்வது? முதலில் காய்ச்சல் பாருங்கள். பூனைக்கு இயல்பு 38.1 முதல் 39.2 செல்சியஸ், ஃபாரன்ஹீட்டில் 100.5 முதல் 102.5. ஆசனவாயில் வைத்துப் பார்ப்பதுதான் கணக்கு, காதைத் தொட்டுப் பார்த்து "சூடாக இருக்கிறது" என்று எழுத வேண்டாம். அடுத்து, உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். விரலால் அழுத்தி விட்டால் 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஈறு வெளுத்து, உடம்பு சில்லிட்டு, வயிறு உப்பியிருந்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டும், இந்த நிமிடமே கிளம்புங்கள். குட்டி வாங்குவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயங்கள் இவை.

மூன்றுபூனைவீடு:
பழையமீசை ஐயா, சொல்கிறதெல்லாம் சரி. கடைசி வரி தேவையா? அவர் பயத்தில் எழுதுகிறார்.

பழையமீசை:
பயம் போக வேண்டும் என்றுதான் பார்க்கச் சொல்கிறேன்.

நிலாமுற்றம்:
இரண்டையும் ஒரே நாளில் செய்ததுதான் இங்கே தப்பு. ஆபரேஷனே உடம்புக்குப் பெரிய அடி, அதோடு தடுப்பூசியையும் ஏற்றினால் குட்டி எப்படித் தாங்கும்? எதிர்ப்புச் சக்தியும் சரியாக உருவாகாது. நான் எப்போதும் இரண்டு வாரமாவது இடைவெளி விடச் சொல்வேன்.

பஞ்சுப்பாதம்:
இடைவெளி விட முடிந்தால் நல்லதுதான். அதற்காக ஒரே நாளில் போட்டால் தப்பு என்று சொல்ல முடியாது. தெருப்பூனைகளைப் பிடித்து ஆபரேஷன் செய்து திரும்ப விடுகிற இடங்களில் மயக்கத்தில் இருக்கும்போதே தடுப்பூசியும் போட்டுவிடுகிறார்கள், அந்தப் பூனை மறுபடி கையில் சிக்காது என்பதால். அப்படிப் போட்ட பூனைகளின் ரத்தத்தைச் சோதித்ததில் எதிர்ப்புச் சக்தி நன்றாகவே உருவாகியிருந்தது.

நிலாமுற்றம்:
தெருப்பூனைக்கு வேறு வழியில்லை. வீட்டுக் குட்டிக்கு அவசரம் என்ன? நாளைக்குக் குட்டி சோர்ந்து படுத்தால் ஊசியாலா கத்தியாலா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

பஞ்சுப்பாதம்:
அது நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். எதிர்ப்புச் சக்தி உருவாகாது என்றீர்களே, அதைத்தான் மறுக்கிறேன். ஊசியால் வருகிற மோசமான ஒவ்வாமை பெரும்பாலும் சில நிமிடங்களில் இருந்து சில மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். முகம் வீங்கும், வாந்தி எடுக்கும், மூச்சு திணறும். லேசான காய்ச்சலும் அசதியும் ஒன்றிரண்டு நாளில் தானாகவே போய்விடும்.

கடலோரம்:
வலியாகத்தான் இருக்கும் போல. குழந்தைகளுக்குக் கொடுக்கிற பாராசிட்டமால் சிரப்பில் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்களேன். எங்கள் நாய்க்கு டாக்டரே அதைத்தான் எழுதிக் கொடுத்தார்.

ராத்திரிப்பணி:
வேண்டவே வேண்டாம்! சாம்பல்வால், இதை மட்டும் முதலில் படியுங்கள். பாராசிட்டமால் பூனைக்கு விஷம். அதை உடைத்து வெளியேற்றுகிற நொதி பூனையின் கல்லீரலில் போதுமான அளவு இல்லை. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய், ஈறு பழுப்பாகி, முகமும் பாதமும் வீங்கிவிடும். வளர்ந்த பூனைக்கே ஒரு மாத்திரை உயிரை எடுக்கப் போதும். இப்யூபுரோஃபென், ஆஸ்பிரின் எதையும் வீட்டில் இருக்கிறதே என்று கொடுக்காதீர்கள். நான் பல வருடமாகக் கால்நடை மருத்துவமனையில் இரவு வேலை பார்க்கிறேன், இப்படி வந்து சேர்கிற பூனைகளை நிறையப் பார்த்தாயிற்று.

கடலோரம்:
தெரியாது, நன்றி. என் பதிலை நீக்கிவிடட்டுமா?

ராத்திரிப்பணி:
இருக்கட்டும். அடுத்து வருகிறவர்களும் படிக்கட்டும்.

நிலாமுற்றம்:
ஆளையே காணோமே? சாம்பல்வால், குட்டி எப்படி இருக்கிறது?

சாம்பல்வால்:
மன்னிக்கவும், குட்டி கூடவே இருந்தேன். ஆண், 5 மாதம். ஆபரேஷன் முந்தாநாள். தடுப்பூசி அதற்கு முந்தின வாரமே போட்டது, ஒரே நாளில் இல்லை. மூன்று வைரஸுக்கும் சேர்த்துப் போடுகிற ஊசி. ஆபரேஷன் ஆன அன்று ராத்திரி நன்றாகச் சாப்பிட்டான், நேற்றிலிருந்துதான் இப்படி. சிறுநீர் போகிறது. கோன் போடவில்லை. ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறது. வீட்டில் தெர்மாமீட்டர் இல்லை. காயத்தில் தையலே இல்லை, அது சரியா? நொண்டி நொண்டி நடக்கிறான், ஆபரேஷன் ஆனால் அது இருக்கத்தானே செய்யும்.

பஞ்சுப்பாதம்:
ஒரே நாள் இல்லையா? நாங்கள்தான் இவ்வளவு நேரம் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

மூன்றுபூனைவீடு:
ஆண் குட்டிக்குப் பெரும்பாலும் தையல் போட மாட்டார்கள், விதைப்பையில் கீறின இடம் தானாக மூடிக்கொள்ளும். லேசான வீக்கம் பரவாயில்லை. சீழ், நாற்றம், சொட்டுகிற ரத்தம் இருந்தால் மட்டும் உடனே காட்ட வேண்டும்.

ராத்திரிப்பணி:
நொண்டுகிறான் என்றீர்களே, எந்தக் கால்?

சாம்பல்வால்:
நேற்று முன்னங்கால், வலது பக்கம். தரையில் ஊன்றாமல் தூக்கியே வைத்திருந்தான். இப்போது அந்தக் கால் பரவாயில்லை, பின்னங்கால் இடது பக்கம் ஊன்ற மாட்டேன் என்கிறான்.

ராத்திரிப்பணி:
அப்படியானால் இது ஆபரேஷன் நொண்டல் இல்லை. விதைப்பையில் செய்த ஆபரேஷனுக்கு முன்னங்கால் ஏன் வலிக்க வேண்டும்? குட்டிகளுக்குக் காய்ச்சலோடு ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்கு மாறுகிற நொண்டல் வந்தால் முதலில் நினைவுக்கு வருவது கலிசி வைரஸ். மூட்டுகளைத் தற்காலிகமாக வீங்க வைக்கும். நீங்கள் போட்ட ஊசி தடுக்கிற மூன்றில் அதுவும் ஒன்று. உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸ் ஊசியாக இருந்தால் ஒரு வாரம் கழித்துச் சில குட்டிகளுக்கு அந்த ஊசியாலேயே இப்படி வருவதுண்டு. ஊசி முழுதாக வேலை செய்யும் முன் வெளியிலிருந்து தொற்றியும் இருக்கலாம். நாக்கை நீட்டிவிட்டுத் திருப்பிக்கொள்கிறான் என்று முதலிலேயே எழுதியிருந்தீர்கள், இதே வைரஸால் வாயில் புண் இருக்கலாம். பசி இருக்கிறது, வலிதான் தடுக்கிறது. பெரும்பாலும் சில நாளில் சரியாகிவிடும், ஆனால் சாப்பிடாமல் இருப்பதால் இன்றைக்கே காட்டுங்கள். தடுப்பூசி அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். கால் மாறி நொண்டுவதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

பழையமீசை:
நானும் இதைத்தான் சொல்ல வந்தேன். வீட்டில் வேறு பூனை இருந்தால் தட்டு, மலஜலம் கழிக்கிற லிட்டர் பெட்டி எல்லாம் தனியாக வையுங்கள். கலிசி சாதாரண சோப்புக்கு அடங்காது, 1 பங்கு பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து துடைக்க வேண்டும். துடைத்த இடம் காய்கிற வரை குட்டியை அண்டவிடாதீர்கள்.

நிலாமுற்றம்:
பார்த்தீர்களா, கடைசியில் ஊசிதான்! அதனால்தான் இடைவெளி வேண்டும் என்றேன்.

பஞ்சுப்பாதம்:
அவர்தான் ஒரு வாரம் இடைவெளி விட்டிருக்கிறாரே! ஊசியா, தொற்றா என்பதே இன்னும் தெரியாது. கலிசியோடு, குட்டிகளின் உயிரையே எடுக்கிற பான்லூகோபீனியா என்ற வைரஸ் நோயையும் தடுக்கிற ஊசி அது. அந்த நோய் வந்த குட்டிகளைப் பார்த்திருந்தால் நாலு நாள் நொண்டலுக்காக ஊசியைக் குறை சொல்ல மாட்டீர்கள்.

வெல்லக்கட்டி:
இந்தச் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளலாமா? குட்டியைப் பற்றிச் சேதி வரட்டும்.

சாம்பல்வால்:
போய் வந்தோம். காய்ச்சல் 40.1. நாக்கின் ஓரத்தில் சின்னப் புண், கலிசி மாதிரிதான் தெரிகிறது என்றார் டாக்டர். வலிக்கு ஊசி, தோலுக்கடியில் நீர் ஏற்றினார்கள். வீட்டுக்கு வந்து கூழாக்கின உணவை விரலில் வைத்து நீட்டினேன், நக்கிச் சாப்பிட்டான். எல்லோருக்கும் நன்றி.

மூன்றுபூனைவீடு:
நிம்மதி! கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள், ஒரே தடவையில் நிறைய வேண்டாம்.

ராத்திரிப்பணி:
சந்தோஷம். அட்டையில் இந்த நொண்டலை எழுதி வைக்கச் சொல்லுங்கள், தேதியோடு. அடுத்த டோஸுக்கு முன்னால் டாக்டர் அதைப் பார்த்து, எந்த வகை ஊசி போடுவது என்று முடிவெடுப்பார். பயந்துபோய் அடுத்த டோஸை மட்டும் விட்டுவிடாதீர்கள்.