பச்சைப் பொத்தானைத் தொடாதீர்கள், சித்தி

சித்தி: பிராக் வந்து இறங்கிவிட்டோம். விமான நிலையத்தில் ஒரு ஏடிஎம் முன்னால் நிற்கிறேன், ஏதோ கேட்கிறது, என்ன அழுத்துவது என்று தெரியவில்லை. யாராவது இருக்கிறீர்களா?

சித்தி: [படம்]

நான்: இருக்கிறேன் சித்தி. படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரை எதையும் அழுத்தாதீர்கள். நேரமாகிவிட்டது என்று கார்டைத் துப்பினாலும் பரவாயில்லை, மறுபடி செருகிக்கொள்ளலாம்.

நான்: பார்த்தேன். மேலே பெரிதாகப் பச்சையில் "மாற்று விகிதத்துடன்" என்று இருக்கிறது, கீழே சாம்பல் நிறத்தில் "மாற்று விகிதம் இல்லாமல்". கீழே இருப்பதுதான் உங்களுக்கு. பச்சையைத் தொடவே வேண்டாம்.

சித்தப்பா: மேலே உள்ளதை அழுத்தினால் நம் பணத்தில் எவ்வளவு போகும் என்று இப்போதே காட்டுகிறதே, அதுதானே நல்லது? கீழே உள்ளதில் தொகையே இல்லை.

நான்: அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம் சித்தப்பா. செக் நாட்டுப் பணமான கொருனாவை நம் பணமாக மாற்றும் வேலையை யாராவது ஒருவர் செய்துதான் ஆகவேண்டும். நீங்கள் கீழே உள்ளதை அழுத்தினால் விசாவோ மாஸ்டர்கார்டோ அன்றைய விகிதத்தில் மாற்றும், உங்கள் வங்கி தன் பங்குக்கு ஒரு சிறு சதவீதம் சேர்க்கும், அவ்வளவுதான். பச்சையை அழுத்தினால் அந்த மெஷின்காரனே ஒரு விகிதம் வைப்பான், அவனுக்கு எது லாபமோ அதை. படத்தின் அடியில் பொடி எழுத்தில் பாருங்கள், "மார்க்அப் 12.5%" என்று இருக்கிறது. நூறுக்குப் பன்னிரண்டரை அவன் கூடுதலாக ஏற்றுவது. முன்கூட்டியே தெரிந்துகொள்வதற்கு இவ்வளவு கொடுக்க வேண்டுமா? விகிதம் தெரியவேண்டும் என்றால் விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் இணையதளத்திலும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், காசு கிடையாது.

அண்ணன்: இதற்கு டைனமிக் கரன்சி கன்வெர்ஷன் என்று பெயர் சித்தப்பா, சுருக்கமாக டிசிசி. கடைகளில் கார்டு போடும்போதும் இதே கேள்வி வரும்.

சித்தி: கீழே உள்ளதை அழுத்தினேன். இப்போது இன்னொரு திரை. "மாற்றத்தை ஏற்கிறேன்", "மாற்றத்தை மறுக்கிறேன்". மறுத்தால் பணமே வராமல் போய்விடுமோ? பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள்.

நான்: வரும் சித்தி. நீங்கள் மறுப்பது அவன் விகிதத்தை மட்டும்தான், பணம் எடுப்பதை இல்லை. இந்தப் பயத்தை நம்பித்தான் இரண்டாம் முறையும் கேட்கிறார்கள். தைரியமாக மறுத்துவிடுங்கள்.

சித்தி: சத்தம் மட்டும் வருகிறது...

சித்தி: வந்துவிட்டது! 4000 கொருனா. இரண்டே இரண்டு நோட்டு, இரண்டும் 2000.

அண்ணன்: அடுத்த முறை 3900 என்று கேளுங்கள் சித்தி, சிறிய நோட்டுகளும் கலந்து வரும். இந்தப் பெரிய நோட்டைச் சின்னக் கடையில் நீட்டினால் சில்லறை இல்லை என்பார்கள்.

நான்: அப்புறம், அடுத்த தடவை ஊருக்குள் ஒரு வங்கியின் கிளையிலேயே இருக்கும் ஏடிஎம்மைப் பாருங்கள். விமான நிலையத்திலும் சுற்றுலாத் தெருக்களிலும் தனியாக நிற்கும் மெஷின்கள் எடுத்ததற்கென்றே தனிக் கட்டணமும் போடும். வங்கிக் கிளையில் கார்டு மாட்டிக்கொண்டாலும் உள்ளே போய்க் கேட்க ஆள் இருக்கும்.

மாமா: இப்போதுதான் பார்க்கிறேன். எதற்கு இந்தப் பாடெல்லாம்? தங்கச்சி, உன்னிடம் யூரோ இருக்கிறதல்லவா, அதையே கொடுத்துவிடு. செக் நாடும் ஐரோப்பிய ஒன்றியத்தில்தானே இருக்கிறது.

நான்: ஒன்றியத்தில் இருக்கிறது மாமா, யூரோவில் இல்லை. பிராகில் பல கடைகளில் யூரோவை வாங்கிக்கொள்வார்கள்தான், ஆனால் விகிதம் கடைக்காரர் வைப்பது, மீதியைக் கொருனாவில் கொடுப்பார்கள். டிசிசியில் போகிற அதே காசு இங்கே வேறு வழியில் போகும்.

சித்தப்பா: மச்சான் சொன்னாரே என்று இங்கே ஒரு மாற்று கவுண்டரைப் பார்த்தேன். "0% கமிஷன்" என்று பெரிதாக எழுதியிருக்கிறது. இதில் என்ன தப்பு?

அண்ணன்: கமிஷன் இல்லை, விகிதத்திலேயே எடுத்துக்கொள்வார்கள் சித்தப்பா. வாங்கும் விலை, விற்கும் விலை என்று இரண்டு எண் போட்டிருப்பார்களே, இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். அதுதான் அவர்கள் சம்பாத்தியம்.

நான்: யூரோவை மாற்றியே ஆகவேண்டும் என்றால், கொடுப்பதற்கு முன்னால் "இதற்கு எத்தனை கொருனா தருவீர்கள்" என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். இன்னொன்று, செக் நாட்டில் 2019 ஏப்ரல் 1 முதல் ஒரு நல்ல சட்டம் இருக்கிறது. மாற்று கவுண்டரில் 1000 யூரோ மதிப்பு வரை மாற்றியதை 3 மணி நேரத்துக்குள் வேண்டாம் என்று திருப்பிவிடலாம், ரசீது மட்டும் கையில் இருக்கவேண்டும். தெருவில் "நான் நல்ல விகிதம் தருகிறேன்" என்று எவனாவது வந்தால் நின்று பேசக்கூட வேண்டாம். வேறு நாட்டின் செல்லாத நோட்டைத் திணித்துவிட்டுப் போய்விடுவான்.

மாமா: சரி மாப்பிள்ளை, அவர்கள் சொல்கிறபடியே செய்யுங்கள். ஆனாலும் கார்டையே நம்பி இருக்காதீர்கள். நான் கம்போடியா போனபோது டாலரும் அவர்கள் பணமான ரியெலும் இரண்டுமே ஓடின, ஓரத்தில் துளி கிழிந்திருந்த டாலரைக் கூட யாரும் தொடவில்லை. ஒரு நோட்டை நாள் முழுக்கக் கடைகடையாக நீட்டிவிட்டு அப்படியே திரும்பக் கொண்டுவந்தேன். நோட்டு கொண்டுபோனால் மடிப்பு இல்லாததாகப் பார்த்துக் கொண்டுபோகவேண்டும்.

அண்ணன்: மாமா சொல்வதும் சரிதான். சித்தப்பா, இரண்டு கார்டும் ஒரே பர்ஸில் இருக்கக்கூடாது, ஒன்று உங்களிடம், ஒன்று சித்தியிடம். ஏடிஎம்மில் டெபிட் கார்டு மட்டும். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் பெரும்பாலான வங்கிகள் அன்றிலிருந்தே வட்டி போடும்.

சித்தி: ஹோட்டலில் எதைக் கொடுப்பது?

நான்: கிரெடிட் கார்டு. முன்பணமாக ஒரு தொகையைத் தடுத்து வைப்பார்கள், டெபிட் கார்டு என்றால் உங்கள் சொந்தக் காசு சில நாள் முடங்கிக் கிடக்கும். அதைவிட முக்கியம், கிளம்பும் நாள். போன வருடம் நான் தங்கிய ஒரு இடத்தில் கவுண்டரில் இருந்தவர் கார்டு மெஷினைத் தன் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டு அவராகவே எதையோ அழுத்திவிட்டு ரசீதை நீட்டினார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது, கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினேன். ரயிலில் உட்கார்ந்து படித்தால் தொகை நம் பணத்தில் இருக்கிறது, அதன் கீழே "விகிதம் எனக்குக் காட்டப்பட்டது, நானே தேர்ந்தெடுத்தேன்" என்று ஒரு வரி, அதற்கும் கீழே என் கையெழுத்து. யாருமே என்னைக் கேட்கவில்லை. நம் பணத்திலேயே போனாலும் கடை வெளிநாட்டில் இருப்பதால் வங்கியும் தனியாகக் கட்டணம் போட்டது, ஆக இரண்டு பக்கமும் நஷ்டம். அன்று முழுக்க மனசு ஆறவில்லை. விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் விதியிலும் கார்டுக்காரரைக் கேட்காமல் மாற்றக்கூடாது. அதனால் கார்டைக் கொடுக்கும்போதே "கொருனா" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தப்பாகப் போய்விட்டால் கையெழுத்துப் போடாமல் அங்கேயே ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள். ஊர் திரும்பிய பிறகு வாதாடுவது ரொம்பக் கஷ்டம்.

மாமா: இதையெல்லாம் படித்ததும் அலமாரியைத் திறந்து பார்த்தேன். குரோஷியா போனபோது மிஞ்சிய குனா நோட்டுகள் கவரோடு அப்படியே இருக்கின்றன. இனிமேல் வெறும் காகிதம்தானா?

அண்ணன்: இல்லை மாமா. 2023 ஜனவரி 1 முதல் அங்கே யூரோதான், ஆனால் குனா நோட்டை அவர்களுடைய மத்திய வங்கி எப்போது கொண்டுபோனாலும் மாற்றித் தரும், காலக்கெடு கிடையாது. நாணயத்துக்குத்தான் 2025 முடிவு வரை என்று வைத்திருந்தார்கள்.

மாமா: நாணயம் ஒன்றும் இல்லை, நோட்டு மட்டும்தான். யாராவது அந்தப் பக்கம் போனால் சொல்லுங்கள், கொடுத்துவிடுகிறேன்.

சித்தி: டிராமில் ஏறிவிட்டோம். உள்ளேயே ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன மெஷின், கார்டைக் காட்டியதும் டிக்கெட் வந்துவிட்டது. கொருனாவா, நம் பணமா என்றெல்லாம் கேட்கவில்லை.

நான்: நல்லது சித்தி. அறைக்குப் போனதும் சொல்லுங்கள்.

சித்தப்பா: அறைக்கு வந்துவிட்டோம். முன்பணத்துக்கு அவரே மெஷினை அழுத்தப் போனார், "கொருனா" என்று சொல்லிக் கை நீட்டினேன், மறுபேச்சில்லாமல் என்னிடம் கொடுத்துவிட்டார். நானே பார்த்து அழுத்தினேன். ரசீதில் கொருனா என்றுதான் இருக்கிறது.

சித்தப்பா: [படம்]