பாப்டிஸ்ட் வழக்கம் சபைக்குச் சபை ஏன் இப்படி மாறுகிறது?

கேள்வி: பாளையங்கோட்டை சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவள் நான். எங்கள் சேகரகுருவை, அதாவது போதகரை, பேராயரின் கீழ் உள்ள திருமண்டலம்தான் மாற்றும். கல்யாணமாகி வந்த ஊரில் பாப்டிஸ்ட் சபை. சபையாரே கை தூக்கிப் போதகரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் குழந்தையில் பெற்ற ஞானஸ்நானம் போதாது என்று எனக்குத் திருவிருந்து (ஆராதனையில் தரும் அப்பமும் ரசமும்) தரவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். பக்கத்து ஊர் பாப்டிஸ்ட் சபையிலோ கொடுத்தார்கள்!

பதில்: தங்கச்சி, அவர்களுக்கு மேலே பேராயர் கிடையாது. 1609இல் ஆம்ஸ்டர்டாமில் ஜான் ஸ்மித் காலத்தில் தொடங்கிய மரபு அது. சங்கமாகச் சேர்வார்கள், ஆனாலும் திருவிருந்து யாருக்கு, பெண் போதகர் உண்டா என்பதெல்லாம் பெரும்பாலும் அந்தந்தச் சபையின் முடிவுதான். விசுவாசித்த பிறகே முழுக்கு (தண்ணீரில் மூழ்கிப் பெறும் ஞானஸ்நானம்) என்பதில் ஒன்றுபடுவார்கள்.

பதில்: அக்கா, போதகரிடமே பேசிப் பாருங்கள். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்காரரான என் மாமியார் 58 வயதில்தான் முழுக்கு எடுத்தார். அதுவரை யாரும் அவசரப்படுத்தவில்லை.

கேட்டவர்: சரி, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கேட்கிறேன்.