சிறார் மிகுபுனைவு நாவல்: 58,000 சொற்கள் அதிகமா? வழி சொல்லுங்கள்

கேள்வி – தாமிரபரணிக்கரை

அனைவருக்கும் வணக்கம். ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்காக நான் எழுதி முடித்திருக்கும் முதல் மிகுபுனைவு (ஃபேன்டசி) நாவலின் நீளம் குறித்து முடிவெடுக்க இயலாமல் இரண்டு மாதங்களாகத் தவிக்கிறேன். கோடையில் வற்றிய குளத்தின் உள்ளே வெளித்தெரியும் பழைய குமிழித் தூம்பு (குளத்து நீரையும் வண்டலையும் வெளியேற்றும் கல் மதகு) ஒன்றின் வழியாக, நிலத்தடியில் நீரைக் காவல் காக்கும் ஒரு நாட்டுக்குள் அக்காவும் தம்பியும் இறங்கிவிடுவதுதான் கதை. மொத்தம் 41 அத்தியாயங்கள், 58,000 சொற்கள். இந்த வயதினருக்கான மிகுபுனைவு 50,000 முதல் 75,000 சொற்கள் வரை போகலாம் என்று ஆங்கில எழுத்துப் பயிற்சிக் கட்டுரைகளில் படித்திருந்ததால், அந்த எல்லைக்குள்தான் நிற்கிறேன் என்று நம்பியிருந்தேன்.

கைப்பிரதியைப் படித்த பதிப்பாளர் ஒருவர், கதை பிடித்திருக்கிறது என்றாலும் 160 பக்கங்களுக்கு மேல் தம்மால் வெளியிட இயலாது என்று கூறிவிட்டார். பாதியை வெட்டுவதா, இரண்டு நூல்களாகப் பிரிப்பதா, வேறு பதிப்பாளரைத் தேடுவதா? ஒவ்வோர் அத்தியாயமும் தேவை என்றே எனக்குத் தோன்றுகிறது. அப்படித் தோன்றுவதை நம்பலாமா என்பதும் தெரியவில்லை.

பதில் – செம்மையாக்குநர்

வணக்கம் அம்மா. முதலில் 160 என்ற எண் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். நூல்கள் பெரும்பாலும் 16 பக்கப் பாரங்களாக, அதாவது ஒரே தாளில் சேர்த்து அச்சிட்டு மடிக்கும் பக்கத் தொகுதிகளாக அச்சாகின்றன. 160 பக்கம் என்றால் பத்துப் பாரம். பத்து வயதுக் குழந்தை சிரமமின்றிப் படிக்க வேண்டுமானால் எழுத்து பெரிதாகவும் வரிகளுக்கிடையே இடம் தாராளமாகவும் இருக்க வேண்டும் என்பதால், டெம்மி என்ற வழக்கமான நூல் அளவில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 175 சொற்களுக்கு மேல் நான் வைப்பதில்லை. முகப்புப் பக்கங்களுக்கு ஆறும் முழுப்பக்க ஓவியங்களுக்குப் பத்தும் ஒதுக்கினால் மீதம் 144 பக்கங்கள், அதாவது 25,000 சொற்களுக்குச் சற்று மேல். உங்கள் கைப்பிரதியை அப்படியே அச்சிட்டால் 350 பக்கங்களை நெருங்கும். விலையும் அதற்கேற்ப இரட்டிப்பாகும். முதல் நூல் எழுதும் ஒருவருக்காக அந்தச் சுமையை ஏற்கப் பதிப்பாளர் தயங்குவதை நான் குறையாகக் காணவில்லை.

ஆனால் தாளின் கணக்குக்காகக் கதையை வெட்ட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் கணக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைத்தான் சொல்லும். கதைக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதைக் கதையிடம்தான் கேட்க வேண்டும்.

பதில் – மொழிபெயர்ப்பு மேசை

நீங்கள் படித்த ஆங்கில எல்லை தமிழுக்குப் பொருந்தாது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் புதிதாக எழுத வருபவர்கள் பலரும் இதில்தான் தடுமாறுகிறார்கள். 'ஒளிந்துகொண்டிருந்தவர்களையும்' என்பது நமக்கு ஒரே சொல். இதை ஆங்கிலத்தில் சொல்ல ஆறேழு சொற்கள் வேண்டும். வேற்றுமை, காலம், பால், எண் என எல்லாவற்றையும் தமிழ் சொல்லின் ஈற்றிலேயே ஏற்றிவிடுகிறது. நான் மொழிபெயர்த்த சிறார் நூல்களில், ஆங்கிலத்தில் 40,000 சொற்களாக இருந்தவை தமிழில் 27,000 அளவில் வந்து நின்றிருக்கின்றன. அந்த விகிதத்தில் பார்த்தால் உங்கள் 58,000 சொற்கள் ஆங்கிலத்தில் 85,000 சொற்களுக்கு இணையாகும். 1997இல் வெளிவந்த முதல் ஹாரி பாட்டர் நூலே ஏறத்தாழ 77,000 சொற்கள்தான். அந்த வரிசையின் ஐந்தாம் நூல் இரண்டரை லட்சம் சொற்களைத் தாண்டியது உண்மை. ஆனால் அது 2003இல், நான்கு நூல்களைப் படித்து அந்த உலகத்துக்குள் குடியேறிவிட்ட வாசகர்களுக்காக வந்தது. 1950இல் சி. எஸ். லூயிஸின் நார்னியா மிகுபுனைவு வரிசையில் முதலில் வெளிவந்த நூல் 40,000 சொற்களைக்கூட எட்டவில்லை. ஒரு முழு உலகத்தைக் கட்டியெழுப்ப அந்த அளவே போதுமானதாக இருந்திருக்கிறது.

இன்னொன்று: 'வந்துகொண்டிருந்தாள்' என்பதைச் சேர்த்து எழுதினால் ஒன்று, பிரித்து எழுதினால் மூன்று. எனவே கணினி காட்டும் சொல்லெண்ணிக்கையை விடப் பக்க எண்ணிக்கையையே நம்புங்கள்.

பதில் – ஊர் நூலகத்துக் கதைசொல்லி

சனி, ஞாயிறு மாலைகளில் எங்கள் ஊர் நூலகத்தில் குழந்தைகளுக்கு நூல்களை வாய்விட்டு வாசித்துவருபவன் என்ற முறையில் என் அளவுகோலைச் சொல்கிறேன். எழுத்துத் தமிழில் அமைந்த கதையைக் குழந்தைகள் பின்தொடரும் வேகத்தில் வாசித்தால் எனக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 90 சொற்கள் ஓடுகின்றன. இருபது நிமிடத்துக்கு மேல் ஓர் அமர்வை நான் நீட்டுவதில்லை. ஆகவே ஓர் அமர்வுக்கு 1,800 சொற்கள். உங்கள் நாவலுக்கு 32 அமர்வுகள், வாரத்துக்கு இரண்டு வீதம் நான்கு மாதங்கள் வேண்டும். காலாண்டுத் தேர்வு முடிந்து தொடங்கினால் அரையாண்டுத் தேர்வு குறுக்கிடும். விடுமுறை கழித்துத் திரும்பும் குழந்தைகளில் பாதிப் பேருக்குக் கதை மறந்திருக்கும். 25,000 சொற்களென்றால் ஏழு வாரங்களில், இரண்டு தேர்வுகளுக்கும் இடையிலேயே முடிந்துவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். உங்களை நன்கு அறியாத குழந்தைகள் ஐந்தாறு பேரை உட்கார வைத்து வாசியுங்கள். பிடித்திருந்ததா என்று கேட்காதீர்கள், மரியாதைக்காக ஆம் என்பார்கள். அவர்கள் எங்கே 'அப்புறம்?' என்கிறார்கள், எங்கே பாயைப் பிய்க்கத் தொடங்குகிறார்கள் என்பதை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

கேட்டவரின் மறுமொழி – தாமிரபரணிக்கரை

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். தெருவிலுள்ள ஐந்து குழந்தைகளுக்கு முதல் 16 அத்தியாயங்களை வாசித்தேன். தூம்பின் அமைப்பை விளக்கும் பகுதி, அதாவது மேலே நீர் பாயும் நீரோடித் துளை, அடியில் வண்டலை இழுத்துச் செல்லும் சேறோடித் துளைகள், மேலே அடைத்திருக்கும் கல் ஆகியவற்றைப் பற்றிய மூன்று பக்கங்கள் அவர்களுக்குச் சலிப்பூட்டும் என்று அஞ்சியிருந்தேன். அதைக் கேட்டவுடன் மண்ணில் குச்சியால் வரைந்து, எந்தத் துளையில் தம்பி நுழைய முடியும் என்று வாதிடத் தொடங்கிவிட்டார்கள். மாறாக, 9 முதல் 14 வரையிலான ஆறு அத்தியாயங்களில், நிலத்தடி நாட்டின் ஏழு அரசர்களின் வரலாற்றை நான் ஓராண்டு உழைத்து எழுதியிருந்தும், ஒரு சிறுமி மூன்று முறை கேட்டது 'தம்பி எப்போ வெளியே வருவான்?' என்பதை மட்டுமே. அந்தக் கேள்வி எனக்கு வலித்தது. ஆனால் அவள் கேட்டது நியாயம்.

பதில் – செம்மையாக்குநர்

அந்தச் சிறுமிக்கு என் வணக்கம். ஆறு அத்தியாயங்களையும் எடுத்துவிடுங்கள். அழிக்க வேண்டாம், தனிக் கோப்பில் வையுங்கள். அந்த வரலாறு உங்களுக்குத் தெரிந்திருப்பதால்தான் மற்ற அத்தியாயங்களில் அந்த நாடு உறுதியாக நிற்கிறது. ஓர் அத்தியாயத்துக்குச் சராசரி 1,400 சொற்கள் என்று கொண்டால் இதிலேயே 8,400 போய்விடும். ஆயினும் ஏறத்தாழ 50,000 மிஞ்சும், அதை வரி வரியாகச் சுருக்கிப் பாதியாக்க முயலாதீர்கள். அப்படிச் சுருக்கிய கைப்பிரதிகள் கதைச்சுருக்கம் போலாகிவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

உங்கள் கதையில் இரண்டு பயணங்கள் இருப்பதாகத் தெரிகிறது: தம்பியை மீட்பது ஒன்று, நீர் ஏன் நின்றது என்று தேடுவது மற்றொன்று. முதல் பயணம் எந்த அத்தியாயத்தில் முடிகிறது?

கேட்டவரின் மறுமொழி – தாமிரபரணிக்கரை

இருபத்திரண்டில் தம்பி மேலே வந்துவிடுகிறான்.

பதில் – செம்மையாக்குநர்

அப்படியானால் நீக்கும் ஆறு போக 16 அத்தியாயங்கள், 22,400 சொற்கள். முடிவை நிறைவாக எழுத இன்னும் 2,600 சொற்களுக்கு இடம் இருக்கிறது. அதை முதல் நூலாக்குங்கள். ஆனால் அது முடிய வேண்டும். அடுத்த நூல் வரும் என்ற உறுதியில்லாதபோது குழந்தையைப் பாதி வழியில் நிறுத்தக் கூடாது.

பதில் – மொழிபெயர்ப்பு மேசை

எனக்கு இதில் சிறு மாறுபாடு உண்டு. தடித்த நூலைத் தேடித் தேடிப் படிக்கும் பதினொரு வயதுக் குழந்தைகளும் தமிழில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்க நம்மிடம் நூல்கள் மிகக் குறைவு. இரண்டாம் பயணத்தை எழுதும்போது 160 பக்கம் என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். முதல் நூலைப் படித்து முடித்த குழந்தை நீண்ட நூலுக்கு ஆயத்தமாகவே வரும்.

கேட்டவரின் மறுமொழி – தாமிரபரணிக்கரை

பிரிப்பது என்று முடிவு செய்துவிட்டேன். ஒரே ஒரு தயக்கம்: தம்பி வெளியே வரும்போது குளம் வறண்டேதான் கிடக்கிறது. நீர் திரும்புவது 41ஆம் அத்தியாயத்தில்தான். வறண்ட குளத்தோடு ஒரு சிறார் நூலை முடிப்பது அந்தக் குழந்தைகளுக்கு ஏமாற்றமாக இருக்காதா?

பதில் – ஊர் நூலகத்துக் கதைசொல்லி

அவர்கள் கேட்டது தம்பியை; தம்பி வந்துவிட்டான். குளம் நிரம்ப வேண்டியதில்லை. அவன் நுழைந்து வந்த சேறோடித் துளையின் விளிம்பில் அக்கா கை வைத்துப் பார்க்கும்போது மண் ஈரமாக இருந்தால் போதும். அந்த இடத்தை எழுதியதும் அதே ஐந்து குழந்தைகளுக்கு வாசித்துவிட்டு, என்ன கேட்டார்கள் என்று இங்கே எழுதுங்கள்.