ஒரு படம் உங்களை விடாமல் நிக்குதா? கிளிநொச்சிப் பழைய படங்கள்

வான்கதவு எழுதினது:

கிளிநொச்சிக் கடைவரிசைப் படம், எல்லாற்ற கைபேசிக்கும் வந்திருக்கும். கறுப்பு வெள்ளை, நடுவில வெறும் றோட்டு, இடப்பக்கம் சைக்கிள் ஒண்டு, பலகையில "வெதுப்பகம்". கீழ "1978, டிப்போச் சந்தி" எண்டு ஆரோ போட்டு விட்டினம். அதையே இருபது பக்கத்தில சனம் திரும்பத் திரும்பப் போடுது.

படத்தைப் பெருப்பிச்சுப் பாருங்கோ. கடை வாசலில ஒரு மோட்டார்சைக்கிள் நிக்குது, ஹொண்டா 90 வகை. கைபிடிக்குக் கீழ சின்னப் போத்தல் ஒண்டு கட்டியிருக்கு, அதிலயிருந்து ஒரு ரியூப் எஞ்சின் பக்கம் இறங்குது. வன்னியில இருந்த ஆக்களுக்கு அதைப் பாத்த உடன தெரியும். 1990 நடுப்பகுதியில தொடங்கின பொருளாதாரத் தடைக் காலத்தில பெற்றோல் இல்லை, வண்டி ஓடினது மண்ணெண்ணெயில. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில ஆவியாகாது, எத்தனை தரம் உதைச்சாலும் பத்தாது. அதுக்காகப் போத்தலில இருக்கிற கொஞ்சப் பெற்றோலை காபரேற்றருக்குச் சொட்டு விட்டு எடுப்பினம். எஞ்சின் சூடானாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துவினம். 1978 இல அந்தப் போத்தலுக்கு வேலையே இல்லை.

அந்தப் போத்தல்தான் என்னை விடுதில்லை. படத்தில இருக்கிற ஆக்கள் பட்ட பாடு முழுக்க அதுக்குள்ள இருக்கு, கீழ எழுதினது அதை 12 வருசத்துக்கு மேல பின்னுக்குத் தள்ளிப் போட்டுது.

பத்தாம் வாய்க்கால் எழுதினது:

போத்தல் சரி. ஆனா "வெதுப்பகம்" எண்ட பலகையை ஏன் விட்டனீங்கள்? பேக்கரியை வெதுப்பகம் எண்டும், ஐஸ்கிறீமைக் குளிர்களி எண்டும் எழுதினது சமாதான காலத்தில. அப்ப படம் 2002 க்கும் 2006 க்கும் இடையில. பழுதான வண்டியில போத்தல் சும்மா தொங்கியிருக்கலாம்.

சிலிப்பர் கட்டை எழுதினது:

இல்லை அண்ணை. அந்தப் பேர்ப்பலகைகள் 1990 க்கும் 1995 க்கும் இடையில யாழ்ப்பாணத்திலயே வந்திட்டுது. இண்டைக்கும் வெதுப்பகம் எண்ட பலகை ஊரெல்லாம் கிடக்கு. அதை வைச்சு ஒரு படத்துக்கு மேல் எல்லை, அதாவது இதுக்குப் பிந்தினதில்லை எண்டு, போட ஏலாது.

கட்டடத்தைப் பாருங்கோ. ஓட்டுக்கூரை முழுசா இருக்கு, சுவரில ஒரு சன்னத் துளை இல்லை. கிளிநொச்சி நகரம் 1996 செப்ரெம்பரில இராணுவத்திட்டப் போச்சு, 1998 செப்ரெம்பரில திரும்பி வந்தது. அந்த ரெண்டு சண்டைக்குப் பிறகு A9 எண்ட கண்டி-யாழ்ப்பாண றோட்டின்ரை ரெண்டு பக்கமும் நிண்டது கூரையில்லாத சுவர்கள்தான். 2002 இல பாதை திறந்த உடன பெற்றோல் வந்திட்டுது, 2006 ஓகஸ்டில பாதை திரும்பப் பூட்டும் வரைக்கும் போத்தல் தேவையில்லை. ஆகப் போத்தலும் முழுக்கூரையும் ஒரே படத்தில சேர்ந்து இருக்க ஏலும் எண்டா அது அனேகமா 1990 நடுப்பகுதிக்கும் 1996 செப்ரெம்பருக்கும் இடையில, இல்லாட்டி 2006 ஓகஸ்டுக்குப் பிறகு.

1978 எண்டு எழுதின ஆள் அனேகமா சிங்கள "ஸ்ரீ" எழுத்துப் போட்ட வாகன இலக்கத் தகட்டைப் பாத்துத்தான் எழுதியிருப்பார். ஸ்ரீ 1957 அளவில வந்தது, அதை எதிர்த்து இங்க பெரிய போராட்டமே நடந்தது. ஆனா ஸ்ரீ தகடு போட்ட வண்டி இப்பவும் றோட்டில ஓடுது. தகடு கீழ் எல்லையைத்தான் சொல்லும்.

இன்னொண்டு ரயில் பாதை, என்ரை பேருக்கும் அதுதான் காரணம். ரயில் பாதை தெரியிற படம் எண்டா காலத்தைப் பிடிக்கிறது சுகம். யாழ்தேவி 1956 இல தொடங்கினது, 1990 ஓட நிண்டது. தண்டவாளமும் அதைத் தாங்கிற சிலிப்பர் கட்டையும் பிறகு பங்கர்களுக்கு மேல போச்சு. கிளிநொச்சிக்கு ரயில் திரும்பி வந்தது 2013 செப்ரெம்பர் 14. கொங்கிறீற் சிலிப்பர் தெரிஞ்சா புதுப் பாதை. பாதை மேடு மட்டும் பத்தை பிடிச்சுக் கிடந்தா நடுவில உள்ள 23 வருசம்.

சிறுபோகம் எழுதினது:

நிழலை ஒருத்தரும் பாக்கேல்லையே. படத்தில வழிகாட்டிப் பலகை ஒண்டு கமராவைப் பாத்து நிக்குது, யாழ்ப்பாணத்துக்கு நேரே போகச் சொல்லி அம்புக்குறி. அப்ப கமரா வடக்கைப் பாக்குது. சைக்கிளின்ரை நிழல் குட்டையா, கமராப் பக்கம், அதாவது தெற்கை விழுது. நிழல் தெற்கை விழுறதெண்டா சூரியன் உச்சிக்கு வடக்கால நிக்க வேணும்.

கிளிநொச்சி கிட்டத்தட்ட 9.4 பாகை வடக்கு அகலக்கோட்டில இருக்கு. சூரியன் எங்களுக்கு நேர் உச்சிக்கு வாறது வருசத்தில ரெண்டு தரம், சித்திரை வருசப்பிறப்புக்குக் கிட்டவும் ஓகஸ்ட் கடைசியிலயும். அந்த ரெண்டுக்கும் இடையில மத்தியான நிழல் தெற்கை, மற்றக் காலம் முழுக்க வடக்கை. ஜூனில ஆறடி ஆளின்ரை மத்தியான நிழல் ஒண்டரை அடிதான், மார்கழியில நாலடிக்குக் கொஞ்சம் குறைய. படத்தில உள்ள ஆளின்ரை உயரத்தையும் நிழலின்ரை நீளத்தையும் அடிமட்டத்தால அளந்து பாருங்கோ, மாசம் ஓரளவுக்குப் பிடிபடும். இது நிழல் குட்டையா இருக்கிற நேரத்துக்கு மட்டும். காலமை பின்னேர நிழலை வைச்சு இப்பிடிக் கணக்குப் போட்டாப் பிழைக்கும், அந்த நிழல் கிழக்கு மேற்காத்தான் நீளும்.

வயல் தெரிஞ்சா இன்னும் நல்லது. ஜூன் ஜூலையில பச்சை வயல் எண்டா சிறுபோகம், அதுவும் இரணைமடுக் குளத்தில தண்ணி இருந்த வருசம். தை மாசியில அரிவு வெட்டு எண்டா காலபோகம்.

கரடிப்போக்கு எழுதினது:

காலத்தைப் பிடிச்சிட்டியள். இடம் டிப்போச் சந்திதானோ? அதை ஆரும் கேக்கேல்லை. படம் எடுத்த இடத்தைப் பிடிக்கிற முறையை எழுதி விடுறன், நீளமாப் போனாப் பொறுத்துக்கொள்ளுங்கோ.

பழைய படத்தில கிட்ட ஒரு பொருளும் தூர ஒரு பொருளும் ஒரே நேரில விழுற இடம் ஒண்டைத் தேடுங்கோ. மதகுச் சுவரின்ரை விளிம்பும் தூரத்துப் பனையும் எண்டு வைப்பம். இப்ப அந்த ரெண்டும் அதே மாதிரி ஒண்டுக்குப் பின்னால ஒண்டா மறையிற வரைக்கும் றோட்டில இடம் வலம் நகருங்கோ. மறைஞ்சா நீங்கள் ஒரு கோட்டில நிக்கிறியள். பிறகு படத்தின்ரை மற்றப் பக்கத்தில இன்னொரு சோடி. அந்தக் கோட்டிலயே முன்னுக்குப் பின்னுக்குப் போய் ரெண்டாவது சோடியையும் பொருத்துங்கோ. ரெண்டு கோடும் வெட்டுற இடம்தான் படக்காரர் நிண்ட இடம். கைபேசியின்ரை சூமைப் பிடிச்சு இழுத்துப் பொருத்தப் பாக்காதேங்கோ. சூம் பண்ணினாப் படத்தின்ரை சட்டம் மாறுமே ஒழிய, எது எதை மறைக்குது எண்டது மாறாது. அது நீங்கள் நிக்கிற இடத்தைப் பொறுத்தது.

வன்னியில இதில பிழைக்கிறது எங்க எண்டா, சோடிக்கு எடுக்கிற பொருளில. கட்டடங்களை நம்பாதேங்கோ, 1996, 1998, 2009 எண்டு மூண்டு தரம் நகரம் கைமாறினது. மரங்களும் போட்டுது. 2009 க்குப் பிறகு A9 ஐ அகலிச்சதால பழைய மதில் நிண்ட இடத்தில இப்ப வாகனம் ஓடுது. அசையாமல் கிடக்கிறது வாய்க்கால் கட்டு, மதகு, குளக்கட்டு, ரயில் பாதை மேடு. கோயில் கோபுரம் புதுசாக் கட்டினாலும் மூலஸ்தானத்தின்ரை இடம் அனேகமா மாறாது. பழைய மைல் கல் தெரிஞ்சாப் புண்ணியம். A9 கண்டியில தொடங்குது, 155 ஆம் கட்டை எண்ட ஊர்ப்பேரே அந்த மைல் கணக்குத்தான். இப்பத்தைக் கிலோமீற்றர் கணக்கில அது 249 ஐக் கடந்து அரைவாசி.

விழுந்து கிடக்கிற தண்ணித் தாங்கி தெரிஞ்சா எல்லாரும் பிடிச்சிடுவினம், 2009 க்குப் பிறகு அதைத்தானே தெற்கில இருந்து வந்த சனமெல்லாம் நிண்டு படமெடுத்தது. அது நிமிர்ந்து நிக்கிற படங்களைத்தான் தேடி எடுக்க வேணும். அதின்ரை அடியில ஆர் ஆர் தண்ணி எடுத்தவை எண்டு சொல்லக்கூடிய ஆக்கள் குறைஞ்சு கொண்டு போகினம்.

மருதநகர் எழுதினது:

நீங்கள் றோட்டையும் நிழலையும் அளக்கிறியள். எனக்கு விடாமல் நிக்கிறது வேற படம்.

கந்தசுவாமி கோயிலடியில 2017 பெப்ரவரி 20 இல காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளின்ரை தாய்மார் போராட்டம் இருக்கத் தொடங்கின கொட்டில். அங்க ஒரு அம்மாவின்ரை மடியில லமினேற் பண்ணின படம். வெயிலில வெளிறி வெளிறி முகம் போட்டுது. தலைமயிரின்ரை கோடும் சேட்டுக் கொலரும் மட்டும் மிச்சம். அந்தப் பிள்ளையின்ரை படம் எண்டு உலகத்தில இருந்தது அது ஒண்டுதான், வேற பிரதி இல்லை.

லமினேற் தண்ணியைத் தடுக்கும், வெயிலைத் தடுக்காது. இடம்பெயர்வுக்கு எண்டு எல்லாரும் லமினேற் பண்ணினது அந்த நேரத்துக்குச் சரியான வேலை, பங்கருக்குள்ள ஈரத்தில இருந்து காப்பாத்தினது அதுதான். இப்ப அதை உரிக்க வெளிக்கிடாதேங்கோ. சூட்டில உருகின பசை படத்தின்ரை மேல்தோலோட ஒட்டியிருக்கும், பிளாஸ்ரிக் வரேக்கை முகமும் சேர்ந்து வரும். ஓரம் வாய் பிளந்திருந்தாத் தண்ணி படாமல் வைச்சுக் கொண்டு உடன ஸ்கான் பண்ணுங்கோ. தபாலட்டை அளவுக்கு 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி, காணும். அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படம் எண்டா 1200. 35க்கு 45 மில்லிமீற்றர் படம் 1200 இல எடுத்தா அகலம் 1650 புள்ளி வரும், கையில பிடிக்கிற ஏ4 அளவுக்குப் பெருப்பிக்கக் காணும்.

ஸ்கானர் இல்லாட்டிக் கைபேசியும் பரவாயில்லை. யன்னலடி நிழலில, பிளாஷ் போடாமல், படத்துக்கு நேர் மேல கைபேசியைச் சரிவில்லாமல் பிடியுங்கோ. லமினேற்றில முகமும் கூரையும் தெறிச்சா ஒரு கறுத்தத் துணியில லென்சு அளவுக்கு ஓட்டை போட்டு, அதுக்குள்ளால எடுங்கோ. தெறிப்பு நிண்டிடும்.

கொட்டிலுக்குக் கொண்டு போறது எப்பவும் பிரதியா இருக்கட்டும். மூலப்படம் வீட்டில, இருட்டில.

வான்கதவு எழுதினது:

மருதநகர் அக்கா, இதை எழுதினதுக்கு நன்றி. ஒரு கேள்வி. 2018 டிசம்பர் வெள்ளத்தில நனைஞ்ச அல்பம் ஒண்டு இருக்கு, முழுக்க ஒரே கட்டியா ஒட்டிப் போச்சு. பிரிக்க ஏலுமோ?

மருதநகர் எழுதினது:

இவ்வளவு வருசம் காய்ஞ்ச கட்டி எண்டா முழுக்க வராது, தம்பி. ஸ்ரூடியோவில கழுவின படமெண்டா மேல்தோல் ஜெலற்றின், நனைஞ்சா இளகும், காய்ஞ்சாப் பசை மாதிரி ஒட்டும். குளிர்ந்த தண்ணியில ஊற விடுங்கோ, சுடுதண்ணி கூடவே கூடாது, ஜெலற்றின் கரைஞ்சு ஓடும். அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஓரத்தைப் பாருங்கோ. தானா விடுறது மட்டும் வரட்டும், நகத்தால கிளப்பாதேங்கோ. முதல்ல பெறுமதி குறைஞ்ச படத்தில செய்து பாருங்கோ. பிரின்ரரில அடிச்ச படங்களைத் தண்ணியில போடவே வேண்டாம், மை ஓடிப்போகும்.

கடைசி அலசலுக்குக் கிணத்துத் தண்ணி வேண்டாம். எங்கட தண்ணியில சுண்ணாம்பு, காய்ஞ்சா முகமெல்லாம் வெள்ளைப் பொட்டு. பற்றறிக்கு விடுற வடிச்ச தண்ணி ஒரு போத்தல் வாங்குங்கோ, இல்லாட்டி மழைத் தண்ணி. பிறகு நிழலில நுளம்பு வலையை இழுத்துக் கட்டி, படப்பக்கம் மேல இருக்க விரிச்சுக் காய விடுங்கோ. வெயிலும் வேண்டாம், தலைமயிர் காயப்போடுற மெசினும் வேண்டாம், சுருண்டு வெடிக்கும்.

இனி வெள்ளம் வந்து நனைஞ்சா அரைகுறையாக் காய விடாதேங்கோ. ரெண்டு நாளுக்குள்ள பூஞ்சணம் பிடிக்கும். அந்த ரெண்டு நாளுக்குள்ள பிரிக்க ஏலாட்டிப் பொலித்தீனில சுத்தி ஆற்றையும் ஐஸ்பெட்டியில உறைய வையுங்கோ, ஆறுதலாப் பிறகு செய்யலாம்.

பத்தாம் வாய்க்கால் எழுதினது:

சட்டக் கண்ணாடியோட ஒட்டின படத்துக்கும் இதையே செய்யலாமோ எண்டு கேக்க முதல் சொல்லுறன்: வேண்டாம். கண்ணாடியோடயே ஸ்கான் பண்ணுங்கோ. கையால நிறம் தீட்டின பழைய கலியாணப் படமெண்டா தண்ணி பட்ட உடன நிறம் போகும்.

வெதுப்பகப் பலகை விசயத்தில சிலிப்பர் கட்டை சொன்னது சரி. என்ரை கணக்குப் பிழை. அதே மாதிரிப் படத்தின்ரை மூலையில செம்மஞ்சள் இலக்கத்தில விழுற திகதியையும் நம்பாதேங்கோ, பற்றறி மாத்தினாக் கமரா தொடக்க வருசத்துக்குப் போயிடும். ஆறேழு படத்தில ஒரே திகதி கண்டாச் சந்தேகப்படுங்கோ.

சிலிப்பர் கட்டை எழுதினது:

நன்றி அண்ணை. படத்தின்ரை பின்பக்கத்தையும் கட்டாயம் ஸ்கான் பண்ண வேணும். ஸ்ரூடியோ முத்திரை, கடதாசிக் கொம்பனியின்ரை அச்சு, ஆற்றையும் கையெழுத்து, எல்லாம் அங்கதான். புதுசா எழுதிறதெண்டா பழைய கடதாசிப் படத்தில 2பி பென்சிலால மெதுவா எழுதலாம். பிளாஸ்ரிக் பூசின கடதாசியில பென்சில் பிடிக்காது, துண்டுத்தாளில எழுதி அதே கவருக்குள்ள வையுங்கோ. குமிழ்முனைப் பேனை வேண்டாம், அமத்தின தடம் முன்பக்கம் தெரியும், அடுக்கி வைச்சா மை அடுத்த படத்தின்ரை முகத்தில ஏறும்.

ஊருக்குப் பொதுவான படமெண்டா நூலகம் நிறுவனம் மாதிரி ஆவணப்படுத்திற இடத்துக்கு ஒரு பிரதி குடுங்கோ, 2005 இலயிருந்து செய்யினம். ஆனா ஆக்களின்ரை முகம் வடிவாத் தெரியிற வீட்டுப் படத்தை உறவுக்காரரைக் கேக்காமல் பொதுவில போட வேண்டாம். ஆர் இருக்கினம், ஆர் இல்லை எண்டு எங்களுக்குத் தெரியாது.

வான்கதவு எழுதினது:

அப்ப கடைவரிசைப் படத்துக்குக் கீழ இப்பிடி மாத்தி எழுதுறன்: "கிளிநொச்சி, A9, வடக்கைப் பாத்து. அனேகமா 1990 நடுப்பகுதிக்கும் 1996 செப்ரெம்பருக்கும் இடையில, சித்திரைக்கும் ஆவணிக்கும் நடுவில ஒரு மத்தியானம். மோட்டார்சைக்கிளில பெற்றோல் போத்தல்."

சந்தியின்ரை பேரைப் போடேல்லை. கரடிப்போக்கு சொன்ன மாதிரி ரெண்டு சோடி பொருத்திப் பாத்தாப் பிறகு போடுவம். இடப்பக்கச் சைக்கிளுக்குப் பின்னால ஒரு மதகுச் சுவர் அரைவாசி தெரியுது, அது இப்பவும் இருக்கோ எண்டு அந்தப் பக்கம் போற ஆராவது பாத்துச் சொல்லுங்கோ. மூலப்படம் அல்லது நெகற்றிவ் ஆரிட்டயும் இருந்தாப் பின்பக்கத்தையும் எடுத்து விடுங்கோ.