நான்கு கோடும் நிற்கிறது, நெட் மட்டும் வரவில்லை

பழைய ஃபோர்மேன், கும்பகோணம்:

மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன் நான். 34 ஆண்டுகள். கம்பியில் கரண்ட் இருக்கிறதா என்று கேட்டால் டெஸ்டரை வைத்துச் சொல்லிவிடுவேன். வைஃபைக்கு எதை வைத்துப் பார்ப்பது என்று தெரியாமல் மூன்று வாரமாகத் திண்டாடுகிறேன்.

எங்களுடையது பழைய காலத்து நீள வீடு. அகலம் 18 அடி, நீளம் 120 அடி. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், சமையலறை, அதையும் தாண்டிப் பின்னறை, பிறகு கொல்லை. வாசலில் நின்று கூப்பிட்டால் கொல்லையில் இருப்பவர் காதில் விழாது. சுவர்கள் ஒன்றரை அடி கனம், செங்கல்லும் சுண்ணாம்பும். ஃபைபர் பெட்டி ரேழியில் இருக்கிறது. 200 மெகாபிட் திட்டம். மகள் வயிற்றுப் பேத்தி எங்களோடு தங்கி சி.ஏ. தேர்வுக்குப் படிக்கிறாள். அவள் வகுப்பு கேட்பது பின்னறையில். ரேழிப் பெட்டியின் சிக்னல் அங்கே எட்டவில்லை.

விடுமுறைக்கு வந்த மாப்பிள்ளை, தன் வீட்டில் சும்மா கிடந்த பழைய ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்து முற்றத்துத் தாழ்வாரத்தில் வைத்தார். ரேழிப் பெட்டியிலிருந்து அதுவரை கேபிள் இழுத்து, இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு போட்டுக்கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். இரண்டு நாள் அமோகமாக ஓடியது. மூன்றாம் நாள் எங்கள் தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் மாற்றும் வேலை தொடங்கியது. அன்றிலிருந்து தினமும் தகராறு.

பழக்க தோஷத்தில் நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். அதிலிருந்து கொஞ்சம்:

செவ்வாய் மாலை 6.10: கரண்ட் போனது, இன்வெர்ட்டருக்கு மாறியது. 6.15: என் போனில் நெட் இல்லை. மனைவியின் போனிலும் இல்லை. நான்கு கோடும் நிற்கிறது. 6.40: வெளியே போயிருந்த பேத்தி வந்து மடிக்கணினியைத் திறந்தாள். அதில் நன்றாக வருகிறது.

வியாழன் காலை 9.05: ரேழிப் பெட்டிக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். போனில் நெட் இல்லை. பெட்டியை அணைத்துப் போட்டேன். போனின் வைஃபையையும் அணைத்துப் போட்டேன். என் போன் சரியானது. அதுவரை ஒழுங்காக இருந்த பேத்தியின் மடிக்கணினி கெட்டது. அவள் என்னைப் பார்த்த பார்வையை நோட்டில் எழுதவில்லை.

பெட்டியில் சிவப்பு விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை. இணைப்புக் கொடுத்தவர்கள் இரண்டு முறை வந்து பார்த்து, தங்கள் பக்கம் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒரே பெட்டி, ஒரே நேரம், ஒருவருக்கு வருகிறது, இன்னொருவருக்கு வரவில்லை. என் வேலையில் இப்படி ஒரு பழுதை நான் கண்டதில்லை. ஒரு ஃபேஸ் போனால் அந்த ஃபேஸில் உள்ள எல்லோருக்கும் போகும்.

மின்னல்வேகம், சென்னை:

பழைய ரவுட்டரைத் தூக்கிப் போடுங்கள் சார். ஒரே வைஃபையாகச் சேர்ந்து ஓடும் மூன்று பெட்டி உள்ள மெஷ் ஒன்று வாங்கி வையுங்கள். அவ்வளவு நீள வீட்டுக்கு அதுதான் சரி. ஒரு மணி நேர வேலை.

தறிநாடா, சோமனூர்:

ஐயா, பணத்தைச் செலவழிப்பதற்கு முன் ஒரு வார்த்தை. நான் ஒரு நூற்பாலையில் கணினிகளையும் நெட்வொர்க்கையும் கவனிக்கிறேன். தினமும் என்னிடம் வரும் புகார்களில் பாதி "நெட் இல்லை" என்ற இரண்டே சொற்கள்தான். நீங்கள் மணி நிமிடத்தோடு எழுதியிருப்பதைப் படித்தபோது கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

போனில் தெரியும் கோடுகள், போனுக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள காற்றுவழியைப் பற்றி மட்டுமே பேசும். பெட்டிக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று அவற்றுக்குத் தெரியாது. உங்கள் கணக்கில் சொன்னால், கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் அவை சொல்கின்றன. துணைமின் நிலையத்தைப் பற்றி இல்லை. பெட்டிக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தும் வரவில்லை என்பதால் சிக்னலைக் குற்றம் சொல்ல முடியாது. அதே நேரத்தில் மடிக்கணினியில் வந்ததால் ஃபைபரையும் குற்றம் சொல்ல முடியாது. மீதி இருப்பது நடுவில் உள்ள ஒன்று: முகவரி.

அடுத்த முறை கெடும்போது பெட்டியைத் தொடாதீர்கள். கெட்ட போனில் அமைப்புகளுக்குள் போய், வைஃபை பெயரைத் தொட்டால் "ஐ.பி. முகவரி" என்றும் "கேட்வே" என்றும் இரண்டு எண்கள் தெரியும். இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். அதே நிமிடத்தில் ஒழுங்காக ஓடும் கருவியிலும் பார்த்து எழுதுங்கள். கேபிளின் இரண்டு முனைகளும் எந்த ஓட்டையில் செருகியிருக்கின்றன என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

பழைய ஃபோர்மேன்:

சனி மதியம் 12.20க்கு மாட்டியது. கெட்டது என் போன்: முகவரி 192.168.0.103, கேட்வே 192.168.0.1. நல்லது மடிக்கணினி: முகவரி 192.168.1.7, கேட்வே 192.168.1.1. மனைவியின் போனும் கெட்டிருந்தது, அதிலும் நடுவில் 0 தான். கேபிள் இரண்டு பக்கமும் மஞ்சள் ஓட்டைகளில் இருக்கிறது. பழைய ரவுட்டரின் நீல ஓட்டை காலி.

மூன்றாம் இடத்து எண்தான் மாறுகிறது என்பது வரைக்கும் எனக்கே புரிந்துவிட்டது. ஏன் என்றுதான் புரியவில்லை.

தறிநாடா:

பிடித்துவிட்டோம் ஐயா. உங்கள் வீட்டில் இரண்டு பேர் டோக்கன் கொடுக்கிறார்கள்.

வைஃபையில் சேரும் எந்தக் கருவியும் முதலில் "எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்" என்று பொதுவாகக் குரல் கொடுக்கும். ரவுட்டருக்குள் இருக்கும் டி.எச்.சி.பி. என்ற வேலைக்காரர் ஓர் எண்ணைக் கொடுத்து, "வெளியே போகும் வாசல் இது" என்று கேட்வேயையும் சொல்லிவிடுவார். ஒரு வீட்டுக்கு இந்த வேலைக்காரர் ஒருவர் போதும். மாப்பிள்ளை வைத்த ரவுட்டரிலும் ஒருவர் இருக்கிறார், அவரை யாரும் ஓய்வில் அனுப்பவில்லை. மஞ்சள் ஓட்டை வழியாக இணைத்ததால் இரண்டு பேரும் ஒரே கூடத்தில் நிற்கிறார்கள். கேட்கிற கருவிக்கு யார் பதில் முந்தி வருகிறதோ அவருடைய டோக்கன். பழையவர் கொடுத்தால் 0. அவர் காட்டுகிற வாசல் 192.168.0.1, அதாவது அந்தப் பழைய ரவுட்டரேதான். வெளி இணைப்பு வந்து சேர வேண்டிய அதன் நீல ஓட்டை காலி என்று நீங்களே சொன்னீர்கள். வெளியே போக வழியே இல்லாத வாசல்.

கரண்ட் போய் வரும்போது ஏன் கெடுகிறது என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. இன்வெர்ட்டர் மாறும் அந்த ஒரு கண்சிமிட்டலில் இரண்டு பெட்டிகளும் அணைந்து எரிகின்றன. சாதாரண ரவுட்டர் ஒரு நிமிடத்துக்குள் எழுந்துவிடும். ஃபைபர் பெட்டி கண் விழிக்க இரண்டு மூன்று நிமிடம்கூட ஆகும். அந்த இடைவெளியில் டோக்கன் கேட்டவர்கள் எல்லோரும் பழையவரிடம் மாட்டுகிறார்கள். ரேழிப் பெட்டியை நீங்கள் அணைத்துப் போட்டபோது பேத்தியின் மடிக்கணினி கெட்டதும் இப்படித்தான். இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதால் அது சத்தமில்லாமல் தாழ்வாரத்துக்குத் தாவி, அங்கே புது டோக்கன் வாங்கிக்கொண்டது.

செய்ய வேண்டியது: பழைய ரவுட்டரிலிருந்து கேபிளைப் பிடுங்குங்கள். மடிக்கணினியை அதோடு மட்டும் சேர்த்து, பிரவுசரில் 192.168.0.1 என்று அடித்து உள்ளே போங்கள். முதலில் அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றிச் சேமியுங்கள். அது ஒருமுறை அணைந்து எழும். மறுபடி 192.168.1.2 என்று அடித்து உள்ளே போய், டி.எச்.சி.பி.யை அணையுங்கள். அதன் பிறகுதான் கேபிள், அதே மஞ்சள் ஓட்டையில். வரிசையை மாற்றாதீர்கள்.

பழைய ஃபோர்மேன்:

வரிசையை மாற்றிவிட்டேன்.

தறிநாடா அம்மா, தப்பு என் பேரில். டி.எச்.சி.பி. என்ற சொல் கண்ணில் பட்டதும், பழுதைக் கண்டவுடன் கை தானாக ஃபியூஸ் கேரியருக்குப் போகிற மாதிரி, அதை முதலில் அணைத்துவிட்டேன். ரவுட்டர் அணைந்து எழுந்தது. மடிக்கணினி 169.254 என்று தொடங்கும் ஓர் எண்ணைக் காட்டியது. எந்த எண்ணை அடித்தாலும் உள்ளே விடவில்லை.

தறிநாடா:

யாருமே டோக்கன் கொடுக்காதபோது கணினி தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் எண் அது. பயப்பட ஒன்றுமில்லை. ரவுட்டரின் பின்னால் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு ரீசெட் துளை இருக்கும். பத்து எண்ணும் வரை அழுத்திப் பிடியுங்கள். கடையில் வாங்கிய நாளின் நிலைக்குப் போய்விடும். வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் மறுபடி போட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். பிறகு நான் சொன்ன வரிசை.

இழைக்காரன், திருச்சி:

நான் வீடு வீடாக ஃபைபர் இணைப்புக் கொடுக்கிறவன். ஐயா, எங்கள் ஆட்கள் வந்து கோளாறு இல்லை என்று சொன்னதில் பொய் இல்லை. அவர்கள் மீட்டரை வைத்து ஒளியின் அளவைப் பார்த்திருப்பார்கள். மைனஸ் 20 டெசிபலை ஒட்டி இருந்தால் நல்ல லைன். மைனஸ் 27ஐயும் தாண்டிக் கீழே போனால்தான் அறுந்து அறுந்து வரும். சிவப்பு விளக்கு எரியவில்லை என்றால் ஒளி வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆனாலும் தாழ்வாரத்தில் இன்னொரு பெட்டி இருப்பதைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், அதை ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு விஷயம். பழைய ரவுட்டரை எதன் மேல் வைத்திருக்கிறீர்கள்? பீரோவுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரும்பும் தண்ணீரும் சிக்னலை விழுங்கிவிடும். இன்னொன்று, 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில் ஒரு பெட்டிக்கு 1ஆம் சேனல், மற்றதற்கு 11ஆம் சேனல் என்று பிரித்துப் போடுங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்களாக அதில் வழக்கமாகப் போடுவது 1, 6, 11. 3, 4 என்று போட்டால் இரண்டு பக்கத்துச் சத்தமும் சேர்ந்து கேட்கும்.

பழைய ஃபோர்மேன்:

எல்லாம் செய்தாகிவிட்டது. இரண்டாம் முறை விரலை வைத்துப் படித்துப் படித்து, வரிசை மாறாமல் செய்தேன். இப்போது வீட்டில் உள்ள எல்லாக் கருவியிலும் நடுவில் 1.

இழைக்காரர் கேட்டாரே, ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று. சொல்ல வெட்கம். தாழ்வாரத்து இரும்பு பீரோவின் தலையில், சுவரோரமாக, மேலே ஒரு பித்தளை அண்டாவும் சாய்த்து வைத்திருந்தது. பின்னறைக் கட்டிலில் உட்கார்ந்து, பேத்தி போனில் ஏற்றிக் கொடுத்த செயலியில் சிக்னலை அளந்தேன் (பூஜ்யத்துக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு பலம்): மைனஸ் 81 டெசிபல். ரவுட்டரை எடுத்து, சமையலறை வாசலுக்கு மேலே உள்ள மரப்பலகையில், பின்னறைக் கதவுக்கு நேர் பார்வையில் வைத்தேன். அதே கட்டில், அதே தலையணைப் பக்கம்: மைனஸ் 61. இருபதுதானே என்று நினைத்தேன். டெசிபல் கணக்கில் பத்துக்குப் பத்து மடங்கு, இருபதுக்கு நூறு மடங்கு என்று பேத்தி சொன்னாள். எட்டடி நகர்த்தியதில் நூறு மடங்கு! எங்கள் துறையில் இப்படி ஒரு லாபம் கிடைத்திருந்தால் பதவி உயர்வே கொடுத்திருப்பார்கள்.

ஒரு சந்தேகம் மிச்சம். ரேழியில் வேகம் 190 மெகாபிட் வரை காட்டுகிறது. பின்னறையில் எத்தனை முறை பார்த்தாலும் 94க்கு மேல் ஏறவில்லை. 93, 94, 94. மூச்சுப் பிடித்து நிறுத்தியது போல நிற்கிறது.

இழைக்காரன்:

94 என்று அசையாமல் நின்றால் அது வைஃபை இல்லை ஐயா, கேபிள். காற்றில் வருவது ஏறி இறங்கும், இப்படி ஒரே இடத்தில் நிற்காது. 100 மெகாபிட்டில் மேல்செலவு போக மிஞ்சுவது 94தான். கேபிளுக்குள் எட்டு இழைகள் இருக்கும். 100க்கு நான்கு போதும், 1000க்கு எட்டும் வேண்டும். கண்ணாடி மாதிரி இருக்கும் அந்தச் செருகியை வெளிச்சத்தில் பிடித்து எண்ணிப் பாருங்கள்.

பழைய ஃபோர்மேன்:

எண்ணினேன். ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நான்கே நான்கு. நீலத்தையும் பழுப்பையும் உறையோடு ஒட்ட வெட்டியிருக்கிறது. யார் வெட்டியது என்று மாப்பிள்ளையிடம் கேட்க முடியுமா?

கடைத்தெருவிலிருந்து ஆளைக் கூட்டிவந்து இரண்டு முனையிலும் எட்டு இழையையும் சேர்த்துப் புதுச் செருகிகள் போட்டேன். பக்கத்தில் நின்று பார்த்தேன், அந்தப் பையன் வண்ணங்களை வரிசைப்படுத்திய அழகே அழகு. பிறகு அளந்தால் மறுபடி 94.

தறிநாடா:

ரவுட்டரின் அடிப்பக்கத்து மாடல் எண்ணை வைத்துத் தேடிப் பாருங்கள் ஐயா. பழைய ரவுட்டர்கள் பலவற்றில் அந்த மஞ்சள் ஓட்டைகளே 100தான்.

பழைய ஃபோர்மேன்:

பார்த்தேன், 100தான். கேபிள்காரப் பையனுக்குக் கொடுத்த 250 ரூபாய் கேபிளோடு கிடக்கட்டும், வேறு ரவுட்டர் வாங்கும் நாளில் உதவும். வகுப்பு கேட்க 94 தாராளம் என்கிறாள் பேத்தி.

நோட்டுக் கணக்கு: இந்த வாரம் கரண்ட் நான்கு முறை போய் வந்தது. நான்கு முறையும் பெட்டிகள் எழுந்திருக்க எடுத்துக்கொண்ட இரண்டரை நிமிடம் தவிர வேறு தடங்கல் இல்லை. நேற்று சாப்பாட்டு நேரத்துக்குப் பேத்தி பின்னறையை விட்டு வரவில்லை. ரேழியிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தாள் என் மனைவி, பதில் இல்லை. கடைசியில் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். உடனே எடுத்தாள்.

இழைக்காரன்:

அந்த இரண்டரை நிமிடத்தையும் ஒழிக்கலாம் ஐயா. ரவுட்டருக்கென்றே சின்ன யு.பி.எஸ். விற்கிறார்கள், அடாப்டருக்கும் பெட்டிக்கும் நடுவில் மாட்டுவது. வாங்கும் முன் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்த்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் பெட்டியும் இருக்கிறது, 9 வோல்ட் பெட்டியும் இருக்கிறது.

பழைய ஃபோர்மேன்:

வோல்ட்டும் ஆம்பியரும் பார்க்க எனக்கா சொல்லித் தருகிறீர்கள்! ரேழியில் 12 வோல்ட், ஒன்றரை ஆம்பியர். பலகையில் 9 வோல்ட், 0.6. இரண்டுக்கும் தனித்தனியாக வாங்குகிறேன்.