புதுப்பிப்பு: மார்கழியில் கயாக் தூண்டில், குழு கிடைத்தது

மார்கழி வாடையில் தனியாகக் கயாக் (துடுப்புப் படகு) இறக்கப் பயம், ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊர்ப் பக்கம் கயாக்கில் தூண்டில் போடும் குழு உண்டா என்று கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. தூண்டில் சாமான் கடையில் விசாரிக்கச் சொன்ன அண்ணன் யோசனைதான் பலித்தது. கடைக்காரரே போன் போட்டுச் சேர்த்துவிட்டார். காரங்காடு போகச் சொன்னவருக்கு: அது வனத்துறைச் சுற்றுலா, அலையாத்திக் காடு பார்க்கத்தான்.

லைஃப் ஜாக்கெட், விசில் இல்லாமல் குழுவில் யாரையும் இறக்குவதில்லை. இந்த சீசனில் வடகடல் (பாக் விரிகுடா) கொந்தளிக்கும், அதனால் தென்கடல் (மன்னார் வளைகுடா). அதுவும் கரையோரம் மட்டும். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகள் பக்கம் தலைவைக்கக் கூடாது.

எதிர்பாராதது குளிர். தண்ணீர் வெதுவெதுப்புதான், நனைந்த பனியனில் காற்று பட்டால் பல் தந்தியடிக்கிறது. முழுக்கை ரெயின்கோட் போட்டதும் சரியானது. ஒரு பாரை மீன் தூண்டிலில் மாட்டிய ரப்பர் மீனைக் கவ்விக் கயாக்கையே இழுத்துப்போய், தங்கூசியை (தூண்டில் நரம்பை) அறுத்துக்கொண்டு ஓடியது. கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) தொடங்கினால் வடகடலுக்கு மாறுவார்களாம்.