எல்ஜே (லெவி-ஜென்னிங்ஸ்) சார்ட்ல, அதாவது தினசரி கன்ட்ரோல் வேல்யூ கிராஃப்ல, ட்ரெண்டு முன்னாடியே கண்ணுல படற மாதிரி வைக்க வழி இருக்கா?

லேப்ல இருக்கறவங்க கொஞ்சம் சொல்லுங்களேன். எங்க பயோகெமிஸ்ட்ரி அனலைசர்ல காலையில கன்ட்ரோல் (அளவு முன்னாடியே தெரிஞ்ச சாம்பிள்) ஓட்டினா ஸ்க்ரீன்ல பச்சை டிக் மட்டும்தான் வருது, மீன்லேருந்து (சராசரி) 2எஸ்டிக்குள்ள (ஸ்டாண்டர்ட் டீவியேஷன்) இருந்தா அதுபாட்டுக்கு பாஸ் போட்டுடுது, ஆனா நேத்து சும்மா உக்காந்து குளுக்கோஸ் லெவல் 2 கன்ட்ரோல் வேல்யூ எல்லாத்தையும் எக்செல்ல போட்டுப் பார்த்தா 11 நாளா எல்லாப் புள்ளியும் மீனுக்கு மேலயே இருக்கு! 10எக்ஸ் ரூல் (தொடர்ந்து 10 புள்ளி மீனுக்கு ஒரே பக்கம் இருக்கக் கூடாது) எப்பவோ உடைஞ்சிருக்கு, ஒருத்தரும் கவனிக்கல. ரீஏஜென்ட் லாட் (பேட்ச்) மாத்தின நாள்லேருந்துதான் இந்த ஏத்தம். திரும்ப கேலிப்ரேட் பண்ணதும் இறங்கிடுச்சு, அது வேற விஷயம்.

எல்ஜே சார்ட் இருக்குதான், ஆனா மெனுவுக்குள்ள நாலு க்ளிக் தள்ளி ஒளிஞ்சிருக்கு, அதுலயும் பழைய லாட் புது லாட் ரெண்டையும் ஒரே கோட்டுல இழுத்து வைக்குது. 1-3எஸ் (ஒரு புள்ளி 3எஸ்டி தாண்டினா), 2-2எஸ் (அடுத்தடுத்து ரெண்டு புள்ளி ஒரே பக்கம் 2எஸ்டி தாண்டினா) ரூல் கூட 10எக்ஸையும் வார்னிங்கா ஆன் பண்ணி வச்சிருக்கீங்களா, இல்ல சும்மா சும்மா அலாரம் அடிச்சு தொல்லையா?

இன்னொண்ணு, கன்ட்ரோலோட வர்ற இன்சர்ட் தாள்ல இருக்கற எஸ்டி ரொம்ப அகலம், அதையே போட்டா கிராஃப் தட்டையாத்தான் தெரியுது. நீங்க 20 நாள் ஓட்டி சொந்த மீன், எஸ்டி எடுத்துப் போடறீங்களா? லாட் மாறின இடத்தை கோடு போட்டுக் காட்டற எக்செல் ஷீட் யார்கிட்டயாவது இருந்தா ப்ளீஸ் ஷேர் பண்ணுங்க.